தாத்தா காலத்து ரிவால்வரை வீட்டுக் காவலுக்கு வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியவை

சேர்வராயன் மலையின் காபித் தோட்ட வீடுகள் சிலவற்றிலும் சேலத்தின் பழைய குடும்பங்கள் சிலவற்றிலும், இரண்டு தலைமுறைக்கு முன் வாங்கிய ரிவால்வர் ஒன்று இன்னும் உரிமத்தோடு பீரோவில் இருக்கிறது. நடுவில் மடிந்து திறக்கும் பிரிட்டிஷ் தயாரிப்பான வெப்ளி வகையாகவோ, தோட்டாக்கள் அடங்கும் உருளை பக்கவாட்டில் வெளியே வரும் .32 (குழலின் அங்குல அளவு) வகையாகவோ அது இருக்கும். அக்கம்பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லாத ஏற்காட்டுத் தோட்டங்களில், இரவில் அது ஒரு தைரியம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதன் உரிமம், அதன் இரும்பின் நிலை, அதை வைத்திருக்கும் அறை ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் அந்தத் தைரியத்துக்குப் பொருள் உண்டு. சுடுவது எப்படி என்பதைவிட, சுடத் தேவையில்லாதபடி வீட்டை அமைத்துக்கொள்வதும், தேவைப்பட்டால் அந்தக் கருவி நம்மையே காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வதுமே முதன்மையானவை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உரிமம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே அந்தத் துப்பாக்கியைக் கையாளலாம். வீட்டில் இருப்பதாலேயே மனைவிக்கோ மகனுக்கோ அந்த உரிமை வந்துவிடாது. ஏற்காடு உள்ளிட்ட மாவட்டப் பகுதிகளில் ஆட்சியரிடமும், சேலம் மாநகர எல்லைக்குள் காவல் ஆணையரிடமும் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுகள் செல்லும். ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், ஈமக்காரியங்கள் முடிந்த கையோடு ரிவால்வரையும் தோட்டாக்களையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதன் பிறகே வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இன்னொரு நல்ல வழியும் உண்டு: உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். பெரியவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி.

ரிவால்வரின் உடலான சட்டகத்தில் பொறித்துள்ள எண்ணை உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒருமுறை நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வெப்ளிகளில் அந்த எண் தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருக்கும். மென்மையான துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். குழலின் அளவையும் பாருங்கள். .32 ரிவால்வர் மாவட்ட அளவில் உரிமம் தரக்கூடியது. ராணுவம் பயன்படுத்திய .38, .455 போன்ற அளவுகள் தடை செய்யப்பட்ட பிரிவைச் சேர்ந்தவை. உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்தால், உரிமத்தில் அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை அலுவலகத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

அடுத்தது இரும்பு. எந்தச் சோதனைக்கும் முன்னால், குழலைச் சுவரை நோக்கித் திருப்பி, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து, உருளையைத் திறந்து, தோட்டா நுழையும் துளைகளான அறைகள் எல்லாம் காலியாக இருப்பதைக் கண்ணால் மட்டுமன்றி சுண்டுவிரல் நுனியாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் சோதிக்கும் வீட்டறையில் அப்போது தோட்டாவே இருக்கக் கூடாது. பிறகு குழலின் பின்புறம் வெள்ளைத் தாளை வைத்து, முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிகின்றனவா, துரு அரித்த குழிகள் இருக்கின்றனவா என்பது அப்போது புலப்படும்.

பழைய ரிவால்வரில் மிக முக்கியமான குறை, உருளை குழலோடு நேராக வந்து நிற்காமல் போவது. பின்புறத்தில் சுத்தியல்போல் அடிக்கும் பாகமான குதிரையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, உருளையை விரலால் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. கடகடவென்று ஆடினாலோ, குதிரை முழுவதும் பின்னால் வந்த பிறகும் உருளை பூட்டிக்கொள்ளாமல் நழுவினாலோ, அதைச் சுடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. நேராக நிற்காத அறையிலிருந்து கிளம்பும் குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயச் சிதறலைப் பக்கவாட்டில் பீய்ச்சும். மோசமான நிலையில் உருளையே பிளந்துவிடும். நல்ல ரிவால்வரிலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கின் வழியே சூடான வாயு வெளியேறும் என்பதால், இரண்டு கையால் பிடிக்கும்போது எந்த விரலும் அந்த இடுக்குக்கு முன்னால் நீளக் கூடாது. பழுது பார்க்க உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் மட்டுமே கொண்டு செல்லுங்கள். நம் ஊர் லேத் பட்டறைகளில் எதையும் கடைந்து தரும் திறமை உண்டுதான். ஆனால் உரிமமில்லாத ஒருவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் குழலை வெட்டிக் குறைப்பதும் குற்றம்.

குதிரையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது உயிர் காக்கும். பல பழைய ரிவால்வர்களில், தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி குதிரையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். குதிரை கீழே படுத்திருக்கும்போது அந்த ஊசி, எதிரே உள்ள தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டபடி நிற்கும். கருவி தரையில் விழுந்து குதிரையில் அடிபட்டால் அதுவே வெடிக்கப் போதும். பிற்கால ரிவால்வர்களில், விசையை இழுக்காமல் ஊசி தோட்டாவில் படாதபடி தடை அமைத்து இதைச் சரிசெய்தார்கள். உங்களுடையதில் அந்தத் தடை உண்டா என்று வியாபாரியிடம் கேட்டறியுங்கள். இல்லை என்றால், ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரை காலி அறையின் மேல் நிற்கும்படி உருளையை மூட வேண்டும். இது பழைய ஆட்கள் கடைப்பிடித்த வழக்கம், இன்றும் சரியானது. அதேபோல், குதிரையை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்காதீர்கள். அந்த நிலையில் விசை மிக லேசாக இருக்கும். பதற்றத்தில் நடுங்கும் விரலுக்கு அது போதும். விசையை நீளமாக இழுத்தால்தான் வெடிக்கும் என்ற நிலையிலேயே ரிவால்வர் பாதுகாப்பானது.

தோட்டாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்தவை, நசுங்கியவை, எப்போது வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாதவை எல்லாம் வீட்டுக் காவலுக்கு உதவாது. அவற்றையும் வியாபாரியிடம் கணக்கோடு ஒப்படையுங்கள். .32 என்று பெயர் இருந்தாலே எல்லாத் தோட்டாவும் பொருந்தும் என்பதில்லை, பிஸ்டலுக்கான .32 தோட்டாவும் ரிவால்வருக்கான .32 தோட்டாவும் வேறு வேறு. கரிமருந்து எனும் பழைய கருப்பு வெடிமருந்துக் காலத்து மெல்லிய ரிவால்வரில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில் சுட்டுப் பழகுங்கள். அங்கே விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் பொறுத்திருந்து பிறகு திறங்கள்; தாமதித்து வெடிக்கும் தோட்டாக்களும் உண்டு.

மலையில் துருவுக்கு இரவும் பகலும் கிடையாது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் மாதங்களில், ஒரு வாரம் துடைக்காமல் விட்டாலும் உருளையின் மேல் செம்புள்ளிகள் தோன்றிவிடும். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, தயவுசெய்து வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் அது உறைந்து, உள்ளிருக்கும் சிறு ஸ்பிரிங்குகளில் பசைபோல் படியும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி மட்டும், வெளியே வழியாத அளவில் பூசுங்கள். தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் வைப்பது இன்னொரு தவறு. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டி வைக்கும். எண்ணெய் நனைந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

பூட்டி வைப்பதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. அதை மறைக்காமல் பேச வேண்டும். ரிவால்வர் ஓர் இடத்தில், தோட்டா வேறோர் இடத்தில், இரண்டும் பூட்டில் என்பதே பாதுகாப்பு. ஆனால் நள்ளிரவில் இரண்டு பூட்டைத் திறக்க நேரமிருக்காது என்பார்கள். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் தனித்தனியாகப் பூட்டும் வழியை மட்டுமே நான் ஏற்பேன். தலையணைக்கு அடியிலோ மேசை இழுப்பறையிலோ நிரப்பிய ரிவால்வரை வைத்திருப்பதைவிடத் திருடன் வருவது குறைந்த ஆபத்து. மற்ற வீடுகளில், வேண்டுமானால் படுக்கையறைச் சுவரில் பதித்த, எண் பூட்டுள்ள சிறிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். எண்ணை உரிமதாரர் மட்டும் அறிந்திருக்கட்டும். குடித்திருக்கும் இரவில் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது.

இனி இரவு. ஓட்டின் மேல் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் மரநாய். கொல்லையில் கனத்த காலடி என்றால் காட்டெருமையாக இருக்கலாம். அதன் மேல் ரிவால்வரைப் பயன்படுத்துவது வனவிலங்குச் சட்டப்படி கடுங்குற்றம், தவிர, காயம்பட்ட காட்டெருமை எதிரே நிற்கும் மனிதனை விடாது. காபி பறிக்கும் காலத்தில் களத்தில் காயும் காபிக்கும் மிளகுக்கும் திருடர் வருவதுண்டு. அப்போது ரிவால்வரோடு இருட்டில் இறங்கிப் போவது நான் அறிந்த மிகத் தவறான முடிவு. லைன் வீடுகளிலிருந்து சத்தம் கேட்டு ஓடி வரும் தொழிலாளியும் அந்த இருட்டில் ஒரு நிழல்தான். மூட்டை போனால் போகட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். குடும்பத்தினர் அனைவரையும் உறுதியான கதவுள்ள ஓர் அறைக்குள் வரச் சொல்லித் தாழிட்டு, வெளி விளக்குகள் அனைத்தையும் போட்டு, 112ஐ அழைத்து இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருங்கள். மலையில் சிக்னல் கிடைக்கும் மூலை எதுவென்று பகலிலேயே பார்த்து, அந்த மூலையுள்ள அறையையே தேர்ந்தெடுங்கள். உரத்த குரலில், போலீசுக்குச் சொல்லிவிட்டோம், உள்ளே வராதே என்று கத்துங்கள். ரிவால்வர் அந்த அறைக்குள், கதவை நோக்கி, விசையில் விரல் படாமல் இருக்கட்டும். யார் என்று முகம் பார்க்காத எதையும் நோக்கிச் சுடக் கூடாது. கதவைத் தட்டுவது, தாமதமாக வீடு திரும்பும் மகனாகவும் இருக்கலாம். பழைய பங்களாக்களின் மரத்தடுப்பையும் தகரத்தையும் குண்டு எளிதில் துளைத்துப் போகும். கருங்கல் சுவரிலும் மொசைக் தரையிலும் பட்டுத் தெறிக்கும். எச்சரிக்கைக்காக மேலே சுடுவதும் வேண்டாம், மேலே போன குண்டு எங்கோ இறங்கியே தீரும். மூடிய அறையில் ஒரு வெடிச்சத்தம் காதை அடைத்துவிடும். அதன் பிறகு போன் பேசுவதுகூடக் கடினம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்கும்போதும், கொள்ளை, சூரியன் மறைந்து உதிக்கும் முன் வீட்டை உடைத்து நுழைதல் போன்ற சில நிலைகளிலும் அந்த உரிமை உயிர்ச்சேதம் வரை நீளலாம். ஆனால் 37ஆம் பிரிவின்படி, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

சுட நேர்ந்துவிட்டால், ஆபத்து நீங்கிய உடனே ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டு 112ஐயும் 108ஐயும் அழையுங்கள்; காயம்பட்டவன் திருடனே ஆனாலும் ரத்தத்தை நிறுத்த முயலுங்கள். வெடித்த கூடுகளை உருளையிலிருந்து எடுக்காதீர்கள், தரையைத் துடைக்காதீர்கள். காவலர் வரும்போது கையில் கருவி இருக்கக் கூடாது. நடந்ததை வழக்கறிஞரோடு கலந்து, உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

தேர்தல் காலங்களில் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி அறிவிப்பு வந்தால், கடைசி நாள் வரை காத்திராமல் கொண்டு கொடுங்கள். ரசீதில் எண், அளவு, தோட்டா எண்ணிக்கை மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது, வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் பூசுவதற்கு முன்பே உருளையையும் குழலையும் முன்சொன்ன முறையில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.