மீட்டர் காட்டும் சூடும் இங்க்குக்குள் ஏறும் சூடும்: கன்வேயர் டிரையர் ஓட்டவும் பராமரிக்கவும்

பிரிண்ட் போட்ட டி-ஷர்ட் முதல் சலவையிலேயே உரிந்தால் பழி இங்க்மேல் விழும். டப்பாவை மாற்றுவார்கள், இங்க் வாங்கும் கடையை மாற்றுவார்கள், மறுபடியும் உரியும். கோளாறு அநேகமாக டிரையரில், அதாவது பிரிண்டை ஓடும் பெல்ட்டில் வைத்துச் சூடாக்கி இங்க்கைக் கெட்டிப்படுத்தும் மெஷினில், இருக்கும். அந்த டிரையர் பழுதாகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மீட்டரில் 160 என்று தெரிந்ததும் இங்க்கும் 160 டிகிரிக்குப் போய்விட்டது என்று நம்பியதுதான் தவறு.

மீட்டர் காட்டுவது தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) முனை இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே. சில டிரையர்களில் அந்த முனை, துணி போகும் சுரங்கமான சூட்டறையின் காற்றில் தொங்கும். அதில் 180, 200 என்று வரும். வேறு சிலவற்றில் ஹீட்டர் பேனலையே ஒட்டி இருக்கும். அதில் 400க்கு மேலும் காட்டும். இரண்டுமே சரியான அளவுகள்தான், ஆனால் இரண்டும் இங்க்கின் சூடு அல்ல. பக்கத்துக் கடைக்காரர் 'நான் 220ல ஓட்டுறேன்' என்று சொன்னால் அந்த எண் அவர் மெஷினுக்கு மட்டும்தான் பொருந்தும்.

வைக்கும் இடம்

டிரையரின் இரண்டு வாய்களும் திறந்தவை. குறுக்கே காற்றடித்தால் சூடு வெளியேறும். சென்னையில் காலையில் சரியாக ஓடிய செட்டிங், மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியதும் கெட்டுப்போவதைப் பார்க்கலாம். கிழக்குப் பக்க ஷட்டருக்கு நேரே வாய் இருக்கும்படி டிரையரை வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஷட்டருக்கும் டிரையருக்கும் நடுவே ஒரு தடுப்பு நிறுத்துங்கள். பெல்ட்டுக்கு மேலே சீலிங் ஃபேனும் பக்கத்தில் பெடஸ்டல் ஃபேனும் கூடாது. வேலை செய்பவருக்குக் காற்று வேண்டும்தான். ஃபேனை அவர் முதுகுப் பக்கம், மெஷினுக்கு எதிர்த்திசையில் திருப்பி வையுங்கள்.

எக்ஸாஸ்ட் குழாயை முடிந்தவரை நேராக வெளியே எடுங்கள். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். வெளிமுனையில் மழைமூடி கட்டாயம். இல்லாவிட்டால் ஐப்பசி மழை குழாய் வழியே ஹீட்டர்மேல் இறங்கும்.

மூன்று ஃபேஸ் 415 வோல்ட்டில் 18 கிலோவாட் டிரையர் ஒரு ஃபேஸுக்கு சுமார் 25 ஆம்பியர் இழுக்கும். மெஷின் ஓடும்போது எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளப்பது) போட்டுப் பார்த்து, எண்களைப் பேனல் போர்டு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். பின்னாளில் கோளாறு தேடும்போது அந்தச் சீட்டு கைகொடுக்கும்.

வேகக் கணக்கு

சூடேறும் பகுதியின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். உள்ளே போகும் மேசையும் வெளியே வரும் மேசையும் இதில் சேராது. சூட்டறை 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டி-ஷர்ட் உள்ளே ஒரு நிமிடம் இருக்க வேண்டுமானால் பெல்ட் நிமிடத்துக்கு 2.4 மீட்டர் ஓட வேண்டும். ஒன்றரை நிமிடம் என்றால் 1.6. மூன்று நிமிடம் என்றால் 0.8.

வேகத் திருகில் உள்ள 1, 2, 3 எண்களை நம்ப வேண்டாம். ஒரு துண்டுத் துணியைப் பெல்ட்டில் வைத்து, அது சூட்டறைக்குள் நுழைந்து வெளிவரும் நேரத்தை மொபைலில் எடுங்கள். திருகின் ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை விநாடி என்று எழுதி வைத்தால் ஒரே நாளில் அந்த வேலை முடிந்துவிடும்.

ஆர்டர் ஒப்புக்கொள்ளும் முன்பும் இதே கணக்கைப் போட வேண்டும். ஒரு டி-ஷர்ட் பெல்ட்டில் இடைவெளியோடு 75 சென்டிமீட்டர் பிடிக்கும் என்றால், 2.4 மீட்டர் வேகத்தில் ஒரு வரிசையில் மணிக்கு 190 பீஸ் வரும். அதே மெஷினில் மூன்று நிமிடம் கேட்கும் வாட்டர் பேஸ் (தண்ணீர் கலந்த) இங்க் ஓட்டினால் 64தான். கல்லூரி கல்ச்சுரல்ஸுக்கு 1000 பீஸ், நாளைக் காலை டெலிவரி என்று தலையாட்டிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்குப் பெல்ட் வேகத்தைக் கூட்டுவதில்தான் பாதி ரிட்டர்ன்கள் பிறக்கின்றன. பிரிண்டிங் டேபிள் எவ்வளவு வேகமாக அடித்தாலும் கடையின் உண்மையான வேகம் டிரையரின் வேகம்தான்.

இங்க்கின் சூட்டை அளப்பது

நம்பகமான கருவி டோனட் புரோப். ஒரு சிறு வளையத்தின் நடுவே மெல்லிய தெர்மோகப்பிள் கம்பிகள் குறுக்கே போகும். நீண்ட ஒயர் வழியாக டிஜிட்டல் தெர்மாமீட்டரில் செருகலாம். கே டைப் (ஒரு வகைத் தெர்மோகப்பிள்) தெர்மாமீட்டர் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். புரோப்பின் கம்பி ஈர இங்க்கில் பதியும்படி வைத்து, உண்மையான டி-ஷர்ட்டோடு சேர்த்து உள்ளே அனுப்புங்கள். ஒயரை பெல்ட்டின் வேகத்திலேயே விட்டுக்கொண்டு எண்ணைப் பாருங்கள். வழக்கமான பிளாஸ்டிசாலுக்கு (சூட்டில் கெட்டியாகும் பிளாஸ்டிக் வகை இங்க்) 160 டிகிரி தொட வேண்டும். அதுவும் வெளிவாயில் ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கினால் போதாது; கடைசி சில விநாடிகளாவது அங்கே நிற்க வேண்டும். குறைந்த சூட்டில் கியூர் ஆகும், அதாவது கெட்டிப்பட்டுப் பிடிக்கும், இங்க்குகளும் உண்டு. டப்பாவோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் இலக்கு.

இதே சோதனையைப் பெல்ட்டின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என மூன்று இடத்திலும் செய்யுங்கள். வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் போனால் ஏதோ ஒரு ஹீட்டர் செத்திருக்கிறது, அல்லது காற்று ஒரு பக்கமாக இழுக்கிறது.

தொடாமலே சூட்டை அளக்கும் லேசர் துப்பாக்கி கையில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது இங்க்கின் மேல்தோலை மட்டும் பார்க்கும். வெள்ளை இங்க்கைக் கனமாக அடித்திருந்தால் மேலே 160 இருக்கும்போது துணியை ஒட்டிய அடிப்பாகம் 130லேயே நிற்கலாம். அந்த அடிப்பாகம்தான் பிரிண்டைத் துணியோடு பிடித்து வைக்க வேண்டியது. டி-ஷர்ட் வெளியே வந்த பிறகு சுட்டால் ஏற்கனவே ஆறத் தொடங்கியிருக்கும். பெல்ட்மேல், வாயின் உள்விளிம்பில் இருக்கும்போதே சுட வேண்டும்.

கடைசி நீதிபதி சலவைதான். பிரிண்டை இழுத்துப் பார்ப்பது நல்ல முதல் சோதனை: ஆறிய பிறகு இழுத்தால் கோடு கோடாக வெடித்து, விட்டாலும் சேராமல் இருந்தால் கியூர் போதவில்லை. ஆனால் இழுத்தபோது தாங்கிய பிரிண்ட் எல்லாம் சலவையிலும் தாங்கிவிடாது. பெரிய ஆர்டரில் முதல் பீஸை வெந்நீரில், சோப்புத்தூளோடு, மெஷினில் மூன்று முறையாவது துவைத்துப் பார்த்த பிறகே மீதியை ஓட்டுங்கள்.

இங்க்குக்கு இங்க் மாறுவது

வாட்டர் பேஸில் முதலில் தண்ணீர் போக வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை இங்க்கின் சூடு 100 டிகிரியைத் தாண்டத் தயங்கும். புரோப்பில் எண் அங்கேயே நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். பிறகுதான் பைண்டர் (நிறத்தைத் துணியோடு ஒட்டும் பசை) பிடிக்கும் 150–160க்கு ஏறும். அதனால்தான் இரண்டு, மூன்று நிமிடம் தேவைப்படுகிறது. சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கப் பார்த்தால் மேலே தோல் கட்டி, உள்ளே சிக்கிய ஆவி கொப்புளம் போடும். வாட்டர் பேஸுக்குச் சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம். ஹீட்டர் மட்டும் உள்ள, உள்ளே காற்று அடிக்காத டிரையரில் இது சிரமம்தான்.

துணியின் சாயத்தை வெளுக்கும் டிஸ்சார்ஜ் இங்க்குக்கும் அதே நேரம், கூடவே வலுவான எக்ஸாஸ்ட். அதிலிருந்து வரும் புகையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. கண் எரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

பாலியஸ்டர் ஜெர்சியில் கதை தலைகீழ்: சூடு அதிகமானால்தான் தொல்லை. துணியின் சாயமே ஆவியாகி இங்க்குக்குள் ஏறும். சிவப்பு ஜெர்சியில் அடித்த வெள்ளை எண் மறுநாள் ரோஸ் கலரில் இருக்கும். 130 டிகிரி அளவில் கியூர் ஆகும் லோ-ப்ளீட் (சாயம் ஏறுவதைக் குறைக்கும்) இங்க் வாங்கி, புரோப் வைத்து, அதற்குமேல் போகாமல் ஓட்டுங்கள். வெளியே வந்ததும் சூட்டோடு அடுக்கி வைக்காதீர்கள். அடுக்கின் நடுவில் சூடு மணிக்கணக்கில் இறங்காது. சூட்டில் உப்பி எழும்பி நிற்க வேண்டிய பஃப் இங்க்கும் அதிகச் சூட்டில் உப்பி, பிறகு அமுங்கிவிடும்.

மழைக்காலம், கரண்ட், ஜெனரேட்டர்

பருத்தி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். கார்த்திகை மழையில் திறந்து கிடந்த பனியன் துணி, டிரையர் தரும் சூட்டில் ஒரு பகுதியைத் தன் ஈரத்தை ஓட்டவே செலவழிக்கும். துணியைப் பாலிதீன் பையில் மூடி வையுங்கள். அடிக்கப்போவதை மட்டும் பிரியுங்கள். மழை நாளில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மறுபடியும் புரோப் வைத்துப் பாருங்கள். பழைய செட்டிங்கை அப்படியே நம்ப வேண்டாம்.

வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹீட்டரின் சக்தி 19 சதவீதம் குறையும். 18 கிலோவாட் 14.6 ஆகிவிடும். மாலையில் மீட்டர் குறித்த எண்ணுக்கு ஏறாமல் தவித்தால் ஹீட்டரைக் கழற்றும் முன் வோல்ட்டேஜைப் பாருங்கள்.

கரண்ட் போனால் பெல்ட் நிற்கும், ஹீட்டரின் சூடு நிற்காது. உள்ளே மாட்டிய டி-ஷர்ட் சில நிமிடங்களில் பழுத்துக் கருகும், தீயும் பிடிக்கலாம். கைப்பிடி சுற்றும் வசதி இருந்தால் உடனே சுற்றி வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் முனையில் கொக்கி வைத்த நீண்ட மரக்கம்பு ஒன்று எப்போதும் டிரையர் பக்கத்தில் இருக்கட்டும். சிறிய பெல்ட் மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டரில் இணைப்பது இன்னும் நல்லது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் கை எட்டும் தூரத்தில் வேண்டும்; மின்சார மெஷினில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஜெனரேட்டருக்கு மாற்றியபோதோ, ஈ.பி. ஆட்கள் கம்பத்தில் வேலை பார்த்துவிட்டுப் போனபோதோ ஃபேஸ் வரிசை மாறியிருக்கலாம். மூன்று ஃபேஸ் எக்ஸாஸ்ட் ப்ளோயர் அப்போது தலைகீழாகச் சுற்றும். வினோதம் என்னவென்றால், தலைகீழாகச் சுற்றினாலும் அது கொஞ்சம் காற்றை வெளியே தள்ளும். அதனால் யாரும் கவனிப்பதில்லை. கடைக்குள் புகை தங்கினால் ப்ளோயர்மேல் உள்ள அம்புக்குறியையும் அது சுற்றும் திசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெல்ட்

பழுப்பு நிற டெஃப்லான் வலை பெல்ட் 260 டிகிரி வரைதான் தாங்கும். ஹீட்டர் சூடாக இருக்கும்போது பெல்ட்டை நிறுத்தினால் அந்த இடம் மட்டும் கருகி, பிறகு அங்கேயே கிழியும். ஆகவே வரிசை இதுதான்: காலையில் எக்ஸாஸ்ட், பெல்ட், பிறகு ஹீட்டர், அரை மணி நேரம் சூடேறவிட்டு முதல் பீஸ். இரவில் முதலில் ஹீட்டரை அணைத்து, மீட்டர் 80க்குக் கீழே இறங்கும்வரை பெல்ட்டும் எக்ஸாஸ்ட்டும் ஓடட்டும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மெயினை இறக்கிவிட்டுப் போகும் பழக்கம்தான் பெல்ட்டைத் தின்கிறது.

பெல்ட் ஒரு பக்கம் நகர்ந்தால், எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்து ரோலர் போல்ட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். இரண்டு முழுச் சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் மறுபக்கம் ஓடி, ஓரம் உரசிப் பிரியும். வழுக்காத அளவு இறுக்கம் போதும். அதற்கு மேல் போனால் பேரிங் போகும். பெல்ட்டில் ஒட்டிய இங்க்கை ஆறிய பிறகு துணியால் துடையுங்கள், பிளேடு வேண்டாம்.

பேரிங்குக்கு அதிகச் சூடு தாங்கும் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் உருகி வெள்ளை டி-ஷர்ட்மேல் சொட்டும்.

சுத்தமும் பேனல் போர்டும்

ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினின் வெளிப்புறத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்த ஒரு நாளாவது மூடியையும் கழற்றுங்கள். மழைக்கு முன்னால் வருவதால் பராமரிப்புக்கும் பொருத்தமான நாள். ஆனால் பஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் சேருவதில்லை. வாரம் ஒருமுறை, மெயினை அணைத்து ஆறிய பிறகு, ஹீட்டர்களையும் அறையின் மூலைகளையும் வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் பிளாஸ்டிசாலின் எண்ணெய் பழுப்பாகப் படியும். அதில் பஞ்சு ஒட்டினால் திரி போட்ட விளக்குதான். மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கவும்.

பேனல் போர்டு வேலைக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சூடேறி ஆறி, ஏறி ஆறி டெர்மினல் திருகுகள் தளரும். ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்து பச்சை பூக்கும். மெயினைப் பூட்டிவிட்டு மாதம் ஒருமுறை இறுக்க வேண்டும். நிறம் மாறிய லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) மாற்றிவிட வேண்டும். கத்திரி வெயிலில் பேனலின் சிறிய ஃபேன் அடைபட்டிருந்தால் எஸ்.எஸ்.ஆரும் (ஹீட்டரைப் போட்டு அணைக்கும் மின்னணு சுவிட்ச்) வி.எஃப்.டி.யும் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) சீக்கிரம் போகும்.

ஹீட்டரைச் சோதிக்க: 240 வோல்ட், 2 கிலோவாட் ஹீட்டருக்கு 8.3 ஆம்பியர் வர வேண்டும். ஒயரைக் கழற்றி அளந்தால் சுமார் 29 ஓம். ஆம்பியர் பூஜ்யம் என்றால் ராடு அறுந்திருக்கிறது, அல்லது ஒயர் விட்டிருக்கிறது.

எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும், அதாவது ஹீட்டர் அணையவே அணையாது. செட்டிங்கை அறையின் சூட்டுக்குக் கீழே இறக்கிய பிறகும் ஆம்பியர் வந்தால் அதுதான் கோளாறு. தெர்மோகப்பிள் முனை இடத்தைவிட்டு நழுவி வெளியே தொங்கினாலும் இதே ஆபத்து: மீட்டர் குறைவாகக் காட்ட, ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருக்கும். தனி தெர்மோகப்பிளோடு, எல்லை மீறினால் கான்டாக்டரையே (ஹீட்டருக்கு கரண்ட் விடும் பெரிய சுவிட்ச்) விழவைக்கும் இரண்டாவது கட்-ஆஃப் உங்கள் மெஷினில் இல்லையென்றால், வேறு எதை வாங்கும் முன்பும் அதைப் பொருத்துங்கள். புது தெர்மோகப்பிள் மாட்டிய பின் சூடேற ஏற எண் இறங்கினால் பயப்பட வேண்டாம், இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கிறது. மாற்றி மாட்டினால் போதும்.