பக்கத்து கேட்டுக்கு வண்டியை விரட்டாதே, தம்பி

போன வாரம் புதுப் பையன் ஒருவனை ஓட்டப் பழக்குவதற்காக அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். உசிலம்பட்டி ரோட்டுக்கான சில்லறை லோடு, குட்டியானை வண்டி. எதிரில் ரயில்வே கேட் இறங்கியது. "அண்ணே, நின்னா லேட்டாயிரும். அங்கிட்டு இன்னொரு கேட் இருக்கு, சுத்திப் போயிருவோம்" என்று ஸ்டியரிங்கை ஒடித்தான். நான் சாவியைத் திருகி வண்டியை ஆஃப் பண்ணிவிட்டேன். அவனுக்குக் கோபம். எனக்கு அதைவிட, ஏனென்றால் அதே வேலையை நானும் பார்த்தவன்.

மூடின கேட்டுக்கு அடியில் பைக்கைப் படுக்கப் போட்டு நுழையாதே, போன் பேசிக்கொண்டு தண்டவாளம் தாண்டாதே என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவனிடம் வண்டியையே கொடுக்கக் கூடாது.

பக்கத்து கேட் திறந்திருக்கும் என்ற நினைப்பு

எங்கள் மதுரை-போடி லைனில் மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றுபோனது. அகலப்பாதையில் தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். நடுவில் 11 வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லை. அந்தக் காலத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தண்டவாளம் இன்னொரு ஸ்பீடு பிரேக்கர், அவ்வளவுதான். இப்போது ரயில் வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. தேனியில் மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு இரண்டையுமே தண்டவாளம் வெட்டுகிறது. லைனில் பல ஊர்களில் இதே கதை: ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு டீ குடிக்க நடந்தே போய்விடலாம். அந்தக் கிட்டம்தான் ஆசை காட்டும்.

2023 ஐப்பசி முகூர்த்தம் ஒன்று. மாட்டுத்தாவணியில் விடியுமுன் மாலையும் மல்லிகையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பெண் வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மண்டபம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கேட் சாத்திக் கிடந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தேனா? இல்லை. வண்டியைத் திருப்பி, சந்துக்குள் விழுந்து, அடுத்த கேட்டுக்குப் போனேன். திறந்துதான் இருந்தது. எனக்கு முன்னால் டிராக்டர், அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோ, ரெண்டு மினி பஸ். எல்லாரும் என்னைப் போல அந்தக் கேட்டிலிருந்து தப்பித்து வந்தவர்கள். டிராக்டர் நகர்ந்ததும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நானும் ஏறினேன். அந்தப் பக்கம் ரோடு அடைத்து நின்றது. டிராக்டர் நின்றது. என் முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டி, பின் சக்கரம் தண்டவாளத்துக்குள். பின்னால் ஒரு வேன் ஒட்டி நிற்கிறது. அப்போது மணி அடித்தது.

கேட் கீப்பர் தன் இஷ்டத்துக்குக் கேட்டை மூடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ரயில் வருவதைச் சொல்வார், பேசியதற்கு அத்தாட்சியாக ரெண்டு பேரும் ஒரு ரகசிய நம்பரை மாற்றிக்கொள்வார்கள். கேட்டைப் பூட்டின பிறகுதான் ரயிலுக்குச் சிக்னல் விழும். இன்டர்லாக் என்பார்கள். ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் ஒரு கேட், அந்தப் பக்கம் ஒரு கேட் என்றால் ரெண்டும் ஒரே ரயிலுக்காகத்தான் சாத்துகின்றன, கொஞ்ச நேரம் முன்னே பின்னே. நான் தப்பித்து ஓடியது அதே ரயிலிடம்தான்.

என் வண்டி உள்ளே நின்றதால் கேட்டைப் பூட்ட முடியவில்லை. பூட்டாததால் சிக்னல் விழவில்லை. ரயில் ஊருக்கு வெளியே நின்றது. நான் விட்டுவந்த முதல் கேட் என் புண்ணியத்தில் இன்னும் 20 நிமிஷம் சாத்தியே கிடந்தது. கேட் கீப்பர் வந்து, "ஏன்யா, உசுரு மேல ஆசையில்லையா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் தள்ளவைத்து என்னை வெளியே எடுத்தார். அதில் ரெண்டு கூடை மாலை சரிந்து வேறு போனது. மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. கூலி கிடைக்கவில்லை, மாலைக் காசு என் தலையில். அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் குத்துகிறது.

ஆகவே: முன் வண்டி போகிறது என்று ஏறாதே. அந்தப் பக்கம் உன் வண்டி முழுநீளத்துக்கும் இடம் காலியாகத் தெரிந்தால் மட்டும் ஏறு. இல்லையென்றால் கேட்டுக்கு வெளியிலேயே நில். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

ஒரு ரயில் போனதும் கியர் போடுவது

திருப்பரங்குன்றம் பக்கம் இரட்டைப் பாதை. எதிரே இன்னொன்று வரும்.

எதிர்ப்பக்கம் ஏறி நிற்பது

கேட் சாத்தியதும் வலது பாதி ரோட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கிறவர்களை என்ன செய்வது? அந்தப் பக்கமும் அப்படியே நிற்கிறான். கேட் ஏறினதும் ரெண்டு கூட்டமும் தண்டவாளத்தின் மேலேயே முட்டிக்கொள்கிறது.

லோடு உயரம்

மின்பாதையில் கேட்டுக்கு முன் நிற்கிற உயரக் கம்பி 4.67 மீட்டர். மேலே ஓடுவது 25,000 வோல்ட். வைக்கோல் ஏற்றுகிறவர்கள் அளந்து ஏற்றுங்கள்.

கேட்டை முட்டுவது

ரயில்வே சட்டம், பிரிவு 160: கேட்டை உடைத்தால் 5 வருஷம் வரை உள்ளே.

உள்ளே வண்டி நின்றுபோனால்

முதலில் ஆட்களை இறக்கு. சாமானைப் பிறகு பார்க்கலாம். வண்டியைத் தள்ளிப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒருவன் கேட் கீப்பரிடம் ஓடவேண்டும். சிவப்புக் கொடியும் போனும் அவரிடம்தான் இருக்கிறது. வேகமாக வருகிற ரயில் டிரைவர் உன்னைப் பார்த்தபிறகு பிரேக் போட்டால் நிற்காது.

பையனிடம் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் போடி ரயில் போய், கேட்டும் ஏறிவிட்டது. அவன் சாவியைத் திருகினான், டிராக்டர் ஒன்று முன்னால் ஏறியது, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.