குழந்தைகளின் காட்டு முகாமில் கத்தியும் தீயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையடிவாரத் தோப்புகளில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் இரண்டு நாள் முகாம்களில் முதல் தவறு நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கிறது. பிள்ளைகள் வந்து இறங்கியதும் கையில் கத்தி, சாயங்காலம் தீ. இயற்கையைக் கவனிப்பது கடைசி நாள் காலையில், நேரம் மிஞ்சினால். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள்.

முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் பெரியவர் கண்ணில் படும் தூரத்தில், ஆளுக்கொரு மரத்தடியில் 15 நிமிடம் உட்கார வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள், விட்டுவிடுங்கள். பிறகு “இது என்ன பறவை?” என்று பரீட்சை வைக்காதீர்கள். “எந்தப் பக்கம் சத்தம் அதிகமாக இருந்தது? எப்போது அடங்கியது?” என்று கேளுங்கள். தவிட்டுக்குருவிகள் ஒரு புதரைச் சுற்றி நின்று விடாமல் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ கீரியோ இருக்கக்கூடும். இதைக் காதால் பிடிக்கத் தெரிந்த பிள்ளை அந்தப் புதருக்குள் பந்து தேடிக் கையை விடாது. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது பறவையை அலைக்கழிக்கும்.

கத்தியில் பெரும்பாலும் தவறுவது உட்காரும் விதம். மடியில் குச்சியை வைத்துச் சீவினால் வழுக்கும் கத்தி தொடையில் இறங்கும். அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, இரு கால்களுக்கும் முன்னால் குச்சியை நீட்டி, உடம்பை விட்டு வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். கத்தியோடு கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. பூட்டு இல்லாத மடக்குக் கத்தி விரல்மேல் மடங்கிவிடும். 8 செ.மீ. அலகுள்ள, மடங்காத கத்தியே போதும். மழுங்கிய கத்தி பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அதை அழுத்தித்தான் சீவ வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இல்லையென்றால் கத்தியை எடுக்காமல் இருப்பதே சரி.

சீவுவதற்கு வேப்பங்குச்சி கொடுங்கள். எருக்கும் திருகுகள்ளியும் வேண்டாம், பால் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். அரளிக் குச்சியில் எதையும் கோர்த்துச் சுடக் கூடாது, அது முழுக்க விஷம். பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கும் குன்றிமணியும் காட்டாமணக்குக் கொட்டையும் அப்படித்தான். செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கைக் காட்டி, இது உயிரைப் பறிக்கும் என்றும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

தீ மூட்டுவது ஏன் தோற்கிறது? எடுத்ததுமே கட்டைவிரல் பருமனுள்ள விறகில் ஆரம்பிப்பதால். அது பற்றாமல் போனதும் யாராவது மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். தீக்காயம் அங்கேதான் பிறக்கிறது. இரண்டு கைப்பிடி தேங்காய் நார் அல்லது பன்னாடை, அதன்மேல் ஈர்க்கு, பிறகு பென்சில் பருமனில் சுள்ளி, கடைசியில்தான் விறகு. எல்லாம் பக்கத்தில் அடுக்கிய பிறகே தீக்குச்சியை உரசுங்கள். கணு இரண்டும் மூடிய மூங்கில் துண்டும் ஓடையில் எடுத்த ஈரக்கல்லும் தீயில் வெடிக்கும். நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டும், பருத்தி போடச் சொல்லுங்கள். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடுவது பழக்கமாகிவிட்டது. மூடிய கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரியாமல் போகும்வரை விடாதீர்கள்.

பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை மலைப்பக்கம் தீயே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது.

பாட்டிலில் மணலும் கரியும் அடுக்கித் தண்ணீர் வடிகட்டிக் காட்டுவது நல்ல பாடம். அதைக் குடிக்கவும் கொடுப்பது தவறு. கலங்கல் தெளியும், கிருமி சாகாது. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும்.

இரவில் தரையில் பாய் விரித்துப் படுக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கட்டுவிரியன் இரவில் உலவும், தூங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்றோ, கண் இமையைத் தூக்க முடியவில்லை என்றோ சொன்னால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிச்சாறு கொடுத்து உட்காராதீர்கள். பல்தடம் தெரியாவிட்டாலும் உடனே 108. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த இடம் தெரிந்தால் வளையல், கொலுசைக் கழற்றி, கைகாலை அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். பாம்புக்கடி மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முகாமுக்கு முன்பே போன் செய்து கேட்டு வைத்திருக்க வேண்டும். படுக்கக் கயிற்றுக் கட்டில், அதன்மேல் கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். அல்லது அடித்தளம் தைத்த, ஜிப் முழுக்க மூடிய கூடாரம்.

வழி தவறினால் தேடி அலையாமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று மும்மூன்று முறையாக விசில் ஊதச் சொல்லிக்கொடுங்கள். விசில் பையில் இருந்தால் பயனில்லை, கழுத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோர் கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள்: “அடுத்த மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் கருகிய பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘புதர்க்காட்டு முகாமுக்குப் போய் வந்தது’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.” புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வருவது உண்ணிக் காய்ச்சல், அந்தப் பொருக்கு அதன் அடையாளம். அதற்கு மலிவான மருந்து இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லாததால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடந்துவிடுகிறது.