ஓடைத் தண்ணி கலங்கலா இல்ல வெறும் கலரா? டார்ச் அடிச்சே கண்டுபிடிச்சிடலாம்

ஊட்டி பக்கம் இருக்கீங்கன்னா மழை விட்ட கையோட ரெண்டு பாட்டில் தண்ணி பிடிங்க, ஒண்ணு கேத்தி பக்கம் கேரட் தோட்டத்துக்குக் கீழ ஓடுற வாய்க்கால்ல, இன்னொண்ணு சோலைக்காட்டுக்குள்ள இருந்து வர்ற ஓடையில. ரெண்டும் பழுப்பாத்தான் இருக்கும், ஆனா விஷயம் வேற. வாய்க்கால் தண்ணில மண்ணுத் துகள் மிதக்குது, வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்குது. சோலைத் தண்ணில மக்குன இலையோட சாறு டீ டிகாஷன் மாதிரி கரைஞ்சு கெடக்கு, அது நீல வெளிச்சத்தை முழுங்கிடும், சிதறடிக்கிறது ரொம்பக் கம்மி.

தட்டைப் பக்கம் உள்ள கண்ணாடி ஜாடி இருந்தா நல்லது. போன் டார்ச் ரொம்ப விரியும், அதனால கறுப்பு சார்ட்ல சின்ன ஓட்டை போட்டு அது மேல ஒட்டிடுங்க. ஒப்பிட்டுப் பாக்க ஒரு ஜாடி ஆர்ஓ தண்ணி. ஒண்ணு மறக்காதீங்க, நம்ம ஊர் குளிர்ல எடுத்த தண்ணிய கதகதப்பான ரூமுக்குள்ள வச்சா ஜாடி வெளிய வேர்க்கும், உள்ள குட்டிக் குட்டி குமிழி ஒட்டும், ரெண்டுமே வெளிச்சத்தைச் சிதறடிச்சு நம்மள ஏமாத்திடும், அதனால கொஞ்ச நேரம் விட்டு வெளிப்பக்கம் துடைச்சு, மெதுவா தட்டி குமிழிய விரட்டி, அப்புறம் லேசா கலக்கிட்டு ஆரம்பிங்க.

லைட்ட அணைச்சுட்டு ஒரு பக்கமா டார்ச் அடிங்க. முதல்ல ஜாடிக்குப் பக்கவாட்டுல நின்னு பாருங்க, மண்ணுத் தண்ணில வெளிச்சக் கோடு பளிச்சுன்னு தெரியும், சோலைத் தண்ணில மங்கலா இருக்கும், ஆர்ஓல அனேகமா ஒண்ணும் தெரியாது. இப்பதான் எனக்குப் பிடிச்ச பகுதி: அப்படியே நகர்ந்து டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் போங்க, நேரா கண்ணுல அடிக்காம கொஞ்சம் சாய்ஞ்சு நில்லுங்க. மண்ணுத் தண்ணி இன்னும் ஜொலிக்கும். கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தோட அலைநீளம் சுமார் 0.4ல இருந்து 0.7 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), துகள் அதைவிடப் பெருசா இருந்தா வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்னாடியே தள்ளும், பின்னாடி திருப்புறது கொஞ்சம்தான். டார்ச் பக்கமே நின்னு பாத்தா மங்கலாத் தெரியறது அதனாலதான்.

ஆர்ஓ தண்ணில ரெண்டு சொட்டு பால் விட்டுப் பாருங்க, அதுல பொடித் துகளும் நிறைய, அது நீலத்தை அதிகமா சிதறடிக்கும், அதனால பக்கத்துல இருந்து லேசா நீலம், எதிர்ல இருந்து மஞ்சள்.

அப்புறம் ராத்திரி ஆட்டாம வச்சிடுங்க. மணல் நொடியில இறங்கிடும், ஆனா 2 மைக்ரான் களிமண் துகள் 20 டிகிரி தண்ணில 10 செ.மீ. இறங்கவே சுமார் 8 மணி நேரம், 10 டிகிரின்னா தண்ணி கொழகொழப்பு கூடி 10 மணி நேரம் ஆகும், அதைவிடப் பொடின்னா கேக்கவே வேணாம். காலைல மண்ணுத் தண்ணி மேல்பக்கம் தெளிஞ்சிருக்கும், சோலைத் தண்ணி கலர் அப்படியே இருக்கும். கோடு தெரியலன்னு குடிச்சிடாதீங்க, கிருமிய இது காட்டாது.

லேப்ல கலங்கலை அளக்குற டர்பிடிட்டி மீட்டரும் இதே வேலைதான், 90 டிகிரில சிதறுற வெளிச்சத்தை அளந்து என்டியூங்கிற கலங்கல் அளவுல நம்பர் தரும், குடிதண்ணிக்கு இந்தியத் தரத்துல 1, வேற வழியே இல்லன்னா 5 வரைக்கும். வெள்ளை வெளிச்சம் போடுற மீட்டர்ல சோலைத் தண்ணிய வச்சா கலர் வெளிச்சத்தை முழுங்கி நம்பர் குறைச்சுக் காட்டும், அதுக்கு அந்தக் கலர் அனேகமா முழுங்காத 860 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி வச்ச மீட்டரா கேட்டு வாங்குங்க.