கொரியாவுக்குப் பதின்வயதுப் பிள்ளையோடு வருகிறீர்களா?

மார்ச்சில் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே உங்கள் பிள்ளையின் காதில் 'தாமுன்ஹ்வா' என்ற சொல் விழுந்துவிடும். பல பண்பாட்டுக் குடும்பம் என்று பொருள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய், தந்தையரில் ஒருவராவது கொரியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். இருவரும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். வகுப்பறையில் இந்த நுணுக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

"நீ கொரியனா, இந்தியனா?" என்று வகுப்பில் கேட்டார்களாம். என் மகன் வந்து சொன்னபோது, "நாம் தமிழர், முடிந்தது பேச்சு" என்று அடக்கிவிட்டேன். அதன்பின் அவன் எதையும் சொல்லவில்லை. ஞாயிறு மாலையானால் வயிற்றுவலி மட்டும் வந்தது. மருத்துவர் தேடியும் வயிற்றில் கோளாறு அகப்படவில்லை. வகுப்பாசிரியர்தான் அவனை 'வீ கிளாஸ்' என்ற பள்ளி ஆலோசனை அறைக்கு அனுப்பினார். ஊரில் என்றால் "பைத்தியமா?" என்பார்கள், இங்கே அது சாதாரணம். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் மாணவர்களே நிரப்பும் மனநிலை வினாத்தாளும் உண்டு. அதன் முடிவு வந்தால் அலமாரியில் ஒளித்து வைக்காதீர்கள்.

அடையாளச் சிக்கல் முதலில் சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும். மாட்டிறைச்சி உண்ணாத பிள்ளை, தனித்துத் தெரியக்கூடாதென்று பசியோடே உட்கார்ந்திருக்கும். பள்ளி மாத உணவுப் பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் ஒவ்வாமை எண்கள் இருக்கும்: 1 முட்டை, 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு, 17 கணவாய். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். எதை உண்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பாட்டிக்குத் தொலைபேசியில் புகார் செய்யாதீர்கள்.

மருத்துவமனையில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவது இன்னொரு கொடுமை. அம்மாவின் கருப்பைக் கட்டியைப் பதின்மூன்று வயதுப் பையனா விளக்குவான்? வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு மொழிபெயர்த்து உதவும் 'தானூரி' தொலைபேசி எண் 1577-1366. அங்கே பதின்மூன்று மொழிகள் உண்டு, தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு. பிள்ளை தானே பேச விரும்பினால் இளையோருக்கான ஆலோசனை எண் 1388. ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவருக்குத் தேசிய மருத்துவக் காப்பீடு 2019 ஜூலை முதல் கட்டாயம்; மனநல மருத்துவரிடம் போவதற்கும் அது உதவும்.

இப்போதெல்லாம் என் மகனே பட்டியலைப் படிக்கிறான். "நாளைக்கு 16 இருக்கிறது, தயிர்சாதம் கட்டுங்கள்" என்கிறான். போன வாரம், "இரண்டு டப்பா கட்டுங்கள், ஒன்று நண்பனுக்கு" என்றான்.