ஆல்-ஸ்டார் ரேஸ்: யார் உள்ளே, யார் வெளியே என்பதில் எல்லாரும் செய்யும் தவறுகள்

2001 பிப்ரவரியில் மைக்கேல் வால்ட்ரிப் டேடோனா 500-ஐ ஜெயித்தார். அமெரிக்கக் கார் பந்தயமான நாஸ்காரின் உச்சத் தொடர் கப் தொடர், அதில் அதுதான் அவருடைய முதல் வெற்றி. அதற்கு முன்னால் 462 ரேஸ் ஓடியும் ஒன்றில்கூட முதலாவதாக வரவில்லை என்பது கணக்கு. ஆனால் 1996-லேயே ஷார்லட் மைதானத்தில், டேல் எர்ன்ஹார்ட், டெர்ரி லபான்டி போன்ற பெரிய தலைகள் ஓடிய ஒரு ரேஸை இதே வால்ட்ரிப் ஜெயித்திருக்கிறார். கோப்பை வாங்கினார், பணமும் வாங்கினார். அந்த வெற்றி மட்டும் கணக்கில் ஏறவில்லை, ஏனென்றால் அது ஆல்-ஸ்டார் ரேஸ்.

புதிதாக நாஸ்கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். மற்ற ஞாயிற்றுக்கிழமை ரேஸ் மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். இதில் சாம்பியன்ஷிப் புள்ளி கிடையாது. ஜிம்மி ஜான்சனின் பெயருக்கு எதிரே 83 வெற்றி என்று இருக்கும். அவர் நான்கு முறை ஆல்-ஸ்டார் ஜெயித்தவர், அந்த நான்கும் இந்த 83-க்குள் இல்லை. யாராவது ஒரு ஓட்டுநரின் வெற்றிகளை எண்ணும்போது கணக்கு ஒன்றிரண்டு இடித்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிறகு எதற்காக உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள்? பணத்துக்காக. 1985-இல் முதல் ரேஸ் நடந்தபோது ஜெயித்தவருக்கு 2 லட்சம் டாலர். 2003 முதல் அது 10 லட்சம் டாலர். வழக்கமான ரேஸில் ஐந்தாவதாக வந்தாலும் நாலு புள்ளி தேறும் என்று கணக்குப் போட்டு ஒதுங்குகிற ஓட்டுநர், இங்கே ஒதுங்க மாட்டார். 1992-இல் ஷார்லட்டில் முதல் தடவையாக விளக்கொளியில் நடந்த ரேஸில், கடைசிக் கோட்டில் டேவி அலிசனும் கைல் பெட்டியும் உரசிக்கொண்டார்கள். அலிசன் கோட்டை முதலில் தாண்டினார், தாண்டிய வேகத்தில் சுவரில் மோதி நினைவிழந்தார். ஜெயித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். வெற்றி மேடையில் அவர் இல்லாமலே அவருடைய அணி நின்றது.

சரி, இந்த ரேஸில் யார் ஓடலாம்? குழப்பம் அதிகமாக இருப்பது இதில்தான்.

ஆல்-ஸ்டார் என்ற பெயரே பாதி ஆட்களை ஏமாற்றிவிடுகிறது. அமெரிக்கக் கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் ஆல்-ஸ்டார் என்றால் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதே நினைப்போடு இங்கே வந்து, “இவ்வளவு புகழ்பெற்ற ஓட்டுநரை ஏன் அழைக்கவில்லை?” என்று கோபப்படுகிறார்கள். நாஸ்காரில் அழைப்பிதழ் புகழுக்கு வராது, வெற்றிக்குத்தான் வரும். 1985-இல் ஓடியவர்கள் மொத்தம் 12 பேர், எல்லாரும் 1984-இல் ஏதாவது ஒரு ரேஸ் ஜெயித்தவர்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான். 2023 முதல் 2025 வரை வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோவில் நடந்தபோது நேராக உள்ளே போக மூன்று வழிகள் இருந்தன. போன ஆண்டிலோ இந்த ஆண்டிலோ புள்ளி உள்ள ஒரு ரேஸையாவது ஜெயித்திருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பு ஆல்-ஸ்டார் ஜெயித்தவராக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் முன்னாள் கப் சாம்பியனாக இருக்க வேண்டும்.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் சறுக்குகிறார்கள். முதலாவது, வெற்றிக்கான கால அளவு. இந்த ஆண்டு ஜெயித்தவர்கள் மட்டும் என்று நினைக்கக் கூடாது. போன ஆண்டு பிப்ரவரியில் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்துவிட்டு, அதன்பின் ஒன்றேகால் வருடமாக இருபதாவது இடத்திலேயே உருண்டுகொண்டிருப்பவரும் உள்ளே. வாரா வாரம் மூன்றாவது, நான்காவது என்று வந்து புள்ளிப் பட்டியலில் மேலே இருக்கிறவர், வெற்றி இல்லையென்றால் வெளியே. அநியாயமாகத் தெரியலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. சீராக ஓட்டுகிறவருக்குத்தான் வருடம் முழுக்கப் புள்ளி இருக்கிறதே.

இரண்டாவது, முன்னாள் சாம்பியன் என்றால் ஆயுள் முழுக்க இலவச அனுமதி என்ற எண்ணம். அவர் அந்த ஆண்டு முழு நேரமாகத் தொடரில் ஓடுகிறவராக இருக்க வேண்டும். ஏழு முறை சாம்பியன், நான்கு முறை ஆல்-ஸ்டார் வெற்றியாளர் ஜிம்மி ஜான்சன் 2023-இல் கப் தொடருக்குத் திரும்பி வந்தார். ஆனால் ஆண்டுக்குச் சில ரேஸ் மட்டும்தான். அதனால் அவருக்கு இந்த வழி திறக்கவில்லை. ரெக்கார்டு வைத்திருக்கிறவரே வெளியே என்றால் விதி எவ்வளவு கறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இடம் காருக்கா ஆளுக்கா என்ற குழப்பம். இதற்கு 2023 நல்ல உதாரணம். 48-ஆம் எண் காரின் ஓட்டுநர் அலெக்ஸ் போமன் 2022-இல் ஜெயித்திருந்தார், அதனால் அவருக்கு இடம் இருந்தது. ரேஸுக்கு முன் வேறொரு வகைப் பந்தயத்தில் விபத்தாகி முதுகெலும்பில் அடிபட்டுவிட்டது. அவருக்குப் பதிலாக ஜோஷ் பெர்ரி அதே காரில் உட்கார்ந்தார். அதே கார், அதே எண், அதே அணி. ஆனாலும் பெர்ரி நேராக உள்ளே போக முடியவில்லை, தகுதிச் சுற்றிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தார், அதை ஜெயித்தே வந்தார்.

அந்தத் தகுதிச் சுற்றுக்கு ஓப்பன் என்று பெயர். நேர் வழியில் வராதவர்கள் எல்லாரும் மெயின் ரேஸுக்குச் சில மணி நேரம் முன்னால் இதில் மோதினார்கள். நார்த் வில்க்ஸ்பரோ ஆண்டுகளில் இதில் முதல் இரண்டு இடம் வந்தவர்கள் உள்ளே. ஒரு காலத்தில் ஐந்து பேர் வரை எடுத்தார்கள். ஆரம்பத்தில் சொன்ன வால்ட்ரிப், 1996-இல் ஓப்பனில் ஐந்தாவதாக வந்தவர். அதாவது கடைசி ஆளாக உள்ளே நுழைந்து, அதே ராத்திரி மெயின் ரேஸையும் தூக்கிக்கொண்டு போனார். 2002-இல் ரயன் நியூமனும் 2019-இல் கைல் லார்சனும் இப்படி ஓப்பன் வழியாக வந்து ஜெயித்தவர்கள்தான். ஆகவே ஓப்பனை ‘தோற்றவர்களின் ரேஸ்’ என்று ஒதுக்குவது பெரிய தவறு.

நானே அந்தத் தவறைச் செய்தேன். நார்த் வில்க்ஸ்பரோ ரேஸ் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி ஞாயிறு இரவு எட்டு மணிக்கு. நமக்கு அது திங்கட்கிழமை காலை ஐந்தரை. ஞாயிறு என்று போட்டிருந்ததைப் பார்த்து ஞாயிறு விடியற்காலை எழுந்து உட்கார்ந்து ஒரு தடவை ஏமாந்தேன். அடுத்த தடவை சரியாகத் திங்கட்கிழமை அலாரம் வைத்தேன், காபியோடு உட்கார்ந்தேன். ஓப்பன் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. உண்மையைச் சொன்னால், பல ஆண்டுகளில் மெயின் ரேஸைவிட ஓப்பன்தான் விறுவிறுப்பு. 2019-இல் ஓப்பனின் ஒரு பகுதியின் கடைசிச் சுற்றில் பப்பா வாலஸும் டேனியல் சுவாரஸும் இடித்துக்கொண்டே கோட்டுக்கு வந்தார்கள். ஒரு மூக்கு நீளத்தில் வாலஸ் ஜெயித்தார். காரை விட்டு இறங்கியவர் அப்படியே அழுதுவிட்டார். புள்ளி இல்லாத ரேஸுக்கான தகுதிச் சுற்றின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

அப்புறம் ரசிகர் ஓட்டு. ஓப்பனில் ஓடித் தேறாதவர்களில் ஒருவரை ரசிகர்கள் ஓட்டுப்போட்டு உள்ளே அனுப்பினார்கள். ஓப்பன் முடிந்த பிறகுதான் பெயரை அறிவித்தார்கள். இதை வெறும் ஆறுதல் பரிசு என்று நினைத்தால் 2008-ஐப் பாருங்கள். கேசி கேன் தகுதி இடத்துக்கு வெளியே முடித்து, ஓட்டில் உள்ளே வந்து, மெயின் ரேஸை ஜெயித்து 10 லட்சம் டாலரை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அதே ஷார்லட்டில் கோகோ-கோலா 600-ஐயும் ஜெயித்தார்.

ஓட்டு எப்போதும் பிரபலத்துக்குத்தான் விழும் என்பதும் தவறு. 2014-இல் எல்லாரும் டேனிகா பாட்ரிக் என்றே நினைத்திருந்தார்கள். 2013-இல் அவர்தான் இந்த வழியில் வந்திருந்தார். ஜோஷ் வைஸ் என்று ஒருவர், பின்வரிசையிலேயே ஓடும் சின்ன அணிக்காரர். இணையத்தில் விளையாட்டாகத் தொடங்கிய டோஜ்காயின் நாணயத்தின் ஆதரவாளர்கள் ரெட்டிட் தளத்தில் காசு திரட்டி அவர் காரில் அந்த நாணயத்தின் சின்னமான நாய் முகத்தை வரைய வைத்திருந்தார்கள். அதே கூட்டம் ஓட்டும் போட்டது. வைஸ் உள்ளே வந்துவிட்டார். ஆனால் ஓட்டு மட்டும் போதாது, ஓப்பனில் காரை நொறுக்காமல் ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஓட்டில் முன்னால் இருந்தவர் ஓப்பனில் அடக்கி ஓட்டியதற்கு இதுதான் காரணம். பயந்துவிட்டார் என்று திட்டாதீர்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் ஓட்டில் வந்தவர் ஒரே ஆள், நோவா கிராக்சன்.

நாஸ்காரில் ரசிகர் ஓட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் மூன்றாம் நிலைத் தொடரான டிரக் தொடரில் சில ரேஸ் ஓடினார். ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ விருதை ரசிகர்கள் அவருக்குத்தான் கொடுத்தார்கள். இதை வைத்து அவர் ஆல்-ஸ்டாரில் ஓடினார் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். இல்லை. ஆல்-ஸ்டார் கப் தொடருக்கு மட்டும்.

உள்ளே வந்த பிறகு யார் எந்த வரிசையில் நிற்பது என்பது தனிக் கதை. சாதாரண ரேஸில் தனியாக ஓடி நேரம் எடுப்பார்கள், அதுவே தகுதி. ஆல்-ஸ்டாரில் பல ஆண்டுகளில் இருந்த வழக்கம் மூன்று சுற்று, நடுவே பிட்டுக்குள் (காரை நிறுத்தி டயர் மாற்றும் இடம்) வந்து நான்கு டயரும் மாற்றிக்கொண்டு போக வேண்டும், எல்லாம் சேர்த்துத்தான் நேரம். ஷார்லட்டில் சில ஆண்டுகள் பிட் பாதையில் வேக வரம்பையே எடுத்துவிட்டார்கள். முழு வேகத்தில் வந்து தங்கள் அணிக்குக் கோடு போட்ட பெட்டிக்குள் நிற்க முடியாமல் தாண்டிப்போவதைப் பார்ப்பதே தனி சுகம். பட்டியலில் பின்னால் இருப்பவரைப் பார்த்து கார் மெதுவானது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், டயர் மாற்றியபோது நட்டு சிக்கியதா என்று பாருங்கள். 2022 முதல் புதிய காரில் சக்கரத்துக்கு ஒரே நட்டுதான், முன்பு ஐந்து. ஒன்று சிக்கினாலும் போச்சு.

கடைசியாக, எனக்குத் தெரிந்து அனுபவசாலிகளும் செய்யும் தவறு: போன ஆண்டு விதியை இந்த ஆண்டுக்கு வைத்துப் பேசுவது. இந்த ரேஸின் சுற்று எண்ணிக்கை, பகுதிகள், ஓப்பனில் எத்தனை பேர், கட்டாய பிட் எப்போது என்று எல்லாமே மாறிக்கொண்டே இருக்கும். இடமும் மாறும். நெடுங்காலம் ஷார்லட், 2020-இல் பிரிஸ்டல், அடுத்த இரண்டு ஆண்டு டெக்சஸ், பிறகு 1996-க்குப் பின் கப் ரேஸே பார்க்காமல் பாழடைந்து கிடந்து உயிர்பெற்ற நார்த் வில்க்ஸ்பரோ, 2026-க்கு டோவர் என்று அறிவித்தார்கள். 2016-இல் கட்டாய பிட் விதி ஒன்றைப் புகுத்தினார்கள். மாட் கென்செத் பிட்டுக்கு வருமுன் மஞ்சள் கொடி (ஆபத்து, எல்லாரும் மெதுவாகப் போங்கள் என்ற எச்சரிக்கை) விழுந்து, யார் எத்தனை சுற்று பின்னால் இருக்கிறார் என்றே புரியாத நிலை வந்தது. காரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே புரியவில்லை. எனவே ரேஸ் வாரத்தில் நாஸ்கார் வெளியிடும் விதித்தாளை ஒரு தடவை படித்துவிட்டு உட்காருங்கள்.

அதில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்பதை 2022 டெக்சஸில் ரயன் பிளேனி தெரிந்துகொண்டார். பச்சைக் கொடியில்தான், அதாவது முழு வேக ஓட்டத்தில்தான், ரேஸ் முடிய வேண்டும் என்பது அந்த விதி. கடைசிச் சுற்று, பிளேனி வெகு தூரம் முன்னால். கோட்டுக்குச் சில அடி இருக்கும்போது, பின்னால் ஒரு கார் சுவரில் உரசியதற்காக மஞ்சள் விளக்கு எரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பிளேனி ஜன்னல் வலையைக் கழற்றிக் கையை ஆட்டினார். முடியவில்லை, இன்னும் இரண்டு சுற்று ஓட வேண்டும் என்று காதில் சொன்னார்கள். ஓட்டுநருக்குப் பாதுகாப்பு அந்த வலை. இறங்கி மாட்ட முடியாது, பிட்டுக்குப் போனால் முதலிடம் போய்விடும். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் வலை என்று காரை மெதுவாக உருட்டிக்கொண்டே எப்படியோ மேலே இழுத்து வைத்தார். இது சரியில்லை என்று பின்னால் இருந்த டென்னி ஹாம்லின் கத்தினார், நாஸ்கார் பிளேனியைத் தண்டிக்காமல் விட்டுவிட்டது. பிளேனி அந்த இரண்டு சுற்றையும் ஓடி, அதே ரேஸை இரண்டாம் முறையாக ஜெயித்தார்.