சூடேறிய கம்பிக்குள் வெப்பநிலை: ஐந்து கட்டங்களில் ஒரு கணக்கு

தோவாளைப் பக்கம் நான் அடிக்கடி போய் நிற்கும் கொல்லன் பட்டறை ஒன்று உண்டு. வெட்டுக்கத்தியும் பாளை அரிவாளும் அடிக்கிறார்கள். உலையிலிருந்து ஆசாரி குறட்டால் இழுக்கும் கம்பியின் நுனி செக்கச் சிவந்திருக்கும். ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் வெறும் கறுப்பு. நடுவில் வெப்பநிலை எப்படி இறங்குகிறது? நேர்கோடாக என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எஃகு அப்படி நடந்துகொள்வதில்லை. காரணம், சாதாரண எஃகு சூடாகச் சூடாக அதன் வெப்பங்கடத்துதிறன் குறைகிறது.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். எக்ஸெல் மாதிரி ஒரு கணக்குத்தாள் போதும். பட்டனை அழுத்தி வண்ணப்படம் எடுப்பதற்கு முன்னால் ஐந்து புள்ளிகளையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் கணக்கைச் சுருக்குவோம். 20 செ.மீ. நீளக் கம்பி. ஒரு முனை உலையில், 800 பாகை செல்சியஸ். மறுமுனை தண்ணீர்த் தொட்டியில், 30 பாகை. பக்கவாட்டில் வெப்பம் கசியாதபடி நன்றாக மூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இது பொய்தான், பிறகு திருத்தலாம். நேரம் கடந்து எல்லாம் நிலைபெற்றுவிட்டது என்றும் கொள்வோம்.

அடுத்து எஃகின் குணம். கட்டட எஃகுக்கு யூரோகோட் 3 (எஃகுக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு) தரும் சூத்திரம் எளிமையானது. 800 பாகை வரை செல்லும்:

க = 54 − 0.0333 × வெ

இங்கே 'வெ' வெப்பநிலை, 'க' கடத்துதிறன் (ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு இத்தனை வாட்). 30 பாகையில் 53 வருகிறது, 800 பாகையில் 27.4. ஏறக்குறைய பாதி! அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசமா இது?

இப்போது சமன்பாடு. 1822இல் ஃபூரியே சொன்னது: பாயும் வெப்பம், கடத்துதிறனையும் வெப்பநிலைச் சரிவையும் பெருக்கினால் கிடைப்பது. நிலைபெற்ற கம்பியில் இந்தப் பெருக்குத்தொகை எல்லா இடத்திலும் ஒன்றே. ஆகவே 'க' குறைந்த சூடான பக்கத்தில் சரிவு செங்குத்தாக இருந்தே தீரவேண்டும்.

இங்கேதான் நான் முதல்முறை வழுக்கி விழுந்தேன். 'க' இடத்துக்கு இடம் மாறும் என்று தெரிந்தும், அதை வகைக்கெழுவுக்கு (இடத்துக்கு இடம் மாறும் வீதத்துக்கு) வெளியே தூக்கி வைத்து, 'க × இரண்டாம் வகைக்கெழு = 0' என்று எழுதிவிட்டேன். சுழியத்துக்குச் சமமான கோவையில் 'க' அப்படியே அடிபட்டுப் போகிறது. எந்தச் சூத்திரத்தை மாற்றிப் போட்டாலும் அதே நேர்கோடு வந்துகொண்டிருந்தது. ஓர் இரவு முழுக்கத் தட்டச்சுப் பிழை தேடினேன். 'க' வகைக்கெழுவுக்கு உள்ளேதான் இருக்கவேண்டும். அதற்குச் சுலபமான வழி, கடத்துதிறனைப் புள்ளியில் எடுக்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டில் எடுப்பது.

கணக்குத்தாளைத் திறங்கள். முதல் வரிசையில் ஐந்து கட்டங்கள், 5 செ.மீ.க்கு ஒன்று. நேர்கோட்டு ஊகத்தை எழுதுங்கள்: 800, 607.5, 415, 222.5, 30. இரு முனைகளையும் கடைசிவரை தொடக்கூடாது. உள்ளே இருக்கும் மூன்றுக்கும் ஒரே விதி:

புதிய வெ = (இடது க × இடது வெ + வலது க × வலது வெ) ÷ (இடது க + வலது க)

இரண்டாம் கட்டத்தை நானே போட்டுக் காட்டுகிறேன். இடது துண்டின் சராசரி வெப்பநிலை (800 + 607.5) ÷ 2 = 703.75; அதற்கு க = 30.57. வலது துண்டின் சராசரி 511.25; க = 36.98. விதியில் போட்டால் 589 வருகிறது. 607.5 இறங்கிவிட்டது. இதேபோல் மற்ற இரண்டும் 400, 209 ஆகின்றன. இதுதான் இரண்டாம் வரிசை. இதை வைத்து மூன்றாவது, அதை வைத்து நான்காவது. சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட்டால் கணக்குத்தாள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இருபது வரிசை போனால் எண்கள் அசையாமல் நின்றுவிடும்:

800, 554, 355, 183, 30

நடுப்புள்ளி 415 அல்ல, 355. அறுபது பாகை வித்தியாசம்.

விடை சரியா என்று பார்க்கக் கிர்க்காஃப் உருமாற்றம் இருக்கிறது. 54 × வெ − 0.01665 × வெ² என்ற அளவை எடுத்துக்கொண்டால், அது மட்டும் கம்பி நெடுகிலும் நேர்கோடாக இறங்கும். 800க்கு 32,544, 30க்கு 1,605. இரண்டின் நடு 17,074.5. இந்த மதிப்பைத் தரும் வெப்பநிலை எது என்று இருபடிச் சமன்பாட்டில் தேடினால் 355தான். 'க' நேர்கோட்டுச் சூத்திரமாக இருப்பதால் ஐந்தே புள்ளியிலும் விடை துல்லியமாகப் பொருந்துகிறது. வேறு சூத்திரமானால் புள்ளிகளைக் கூட்டவேண்டும்.

கம்பி 16 மி.மீ. தடிமன் என்றால், அதன் வழியே பாயும் வெப்பம் சுமார் 31 வாட். அறை வெப்பநிலைக் கடத்துதிறனான 53ஐ மட்டும் நம்பியிருந்தால் 41 வாட் என்று சொல்லியிருப்போம்.

இனி அந்தப் பொய்யைத் திருத்தலாம். பட்டறையில் கம்பியை யார் மூடி வைக்கிறார்கள்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று உலைச் சாம்பலையே தூக்கிக்கொண்டு போகிறது. ஆனாலும் சிவந்த நுனியில் காற்றைவிடக் கதிர்வீச்சையே முதலில் கவனியுங்கள். செதிள் பிடித்த எஃகின் உமிழ்திறனை (கதிர்வீச்சை வெளிவிடும் திறன், உச்சம் 1) 0.8 என்று கொண்டால், 800 பாகையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60,000 வாட் வெளியேறும். இந்தக் கணக்கில் வெப்பநிலையைக் கெல்வினில்தான் போடவேண்டும். 273ஐக் கூட்ட மறந்தால் 18,600 என்று வரும். பார்க்க நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

நேரத்தையும் சேர்க்க விரும்புகிறவர்கள் கால இடைவெளியில் கஞ்சத்தனம் காட்டவேண்டும். நீள இடைவெளியின் வர்க்கத்தை, வெப்பப் பரவுதிறனின் (கடத்துதிறனை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்தால் வருவது) இருமடங்கால் வகுத்தால் உச்சவரம்பு கிடைக்கும். 5 செ.மீ. இடைவெளிக்கு அது 80 வினாடி, 1 செ.மீ. ஆக்கினால் மூன்று வினாடிதான். தாண்டினால் எண்கள் தலைகீழாக ஆடத் தொடங்கும். பரவுதிறன் குளிர்ந்த எஃகில்தான் அதிகம். அதை வைத்தே வரம்பு போடுங்கள்.

தன்வெப்பம், அதாவது ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம், இன்னொரு தலைவலி. 20 பாகையில் கிலோவுக்கு 440 ஜூல், 600இல் 760, 735இல் ஒரே பாய்ச்சலாக 5,000 என்கிறது அதே விதித்தொகுப்பு. அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பே மாறுகிறது. கொடுக்கும் வெப்பமெல்லாம் அந்த மாற்றத்துக்குச் செலவாகிறது. ஆறும்போது அது திரும்பி வரும். கதவை ஒருக்களித்து வைத்து, லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைச் சிவக்கக் காய்ச்சி வெளியே பிடித்தார் ஆசாரி. மங்கிக்கொண்டே வந்த சிவப்பு ஓரிடத்தில் நின்றது, மறுபடியும் லேசாகப் பிரகாசமானது, பிறகு அணைந்தது.